எங்கள் தொட்டிக்கு வந்த அழையா விருந்தாளிகள்

கோடை விடுமுறையில் மாமா வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்தோம். உள்ளே போட்டது நண்பர் ஒருவரின் பழைய தொட்டியில் கிடந்த சிமெண்ட் பாறை. (கடலில் பவளம் எடுக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.) இன்னும் ஒரு மீன்கூட விடவில்லை. ஆனால் உள்ளே ஏதோ ஓடுது! எல்லாம் பாறையோடு ஒட்டிக்கொண்டு வந்தவை.

இரவில் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிப் பார்த்தேன். வெள்ளை வெளிச்சம் பட்டால் ஒளிந்துகொள்ளும். தொட்டிக் கண்ணாடியில் துள்ளிய வெள்ளைப் புள்ளிகள் கோப்பிபாடுகள். இறால், நண்டுக்குச் சொந்தம். மீனுக்கு நல்ல தீனி.

அடுத்து, இடுக்கிலிருந்து இளஞ்சிவப்புப் புழு ஒன்று, இருபுறமும் வெள்ளை முடியோடு எட்டிப் பார்த்தது. ஐயோ, மீனைத் தின்றுவிடுமே என்று கையால் பிடித்து இழுத்தேன். அந்த முடி அத்தனையும் முள்! விரலில் ஏறிவிட்டது. மாமா செல்லோடேப் ஒட்டி உரித்தெடுத்தார். அப்புறம்தான் சொன்னார், அது மிச்சத் தீனியையும் அழுகியதையும் தின்று தொட்டியைச் சுத்தம் செய்யுமாம். நல்லவனைத்தான் கொல்லப் பார்த்திருக்கிறேன்.

அழகாயிருக்கே என்று நான் விட்டுவைத்தது எது தெரியுமா? குட்டிப் பனைமரம் மாதிரி, பழுப்பு நிறத்தில் ஒரு கடல்சாமந்தி. பெயர் ஐப்டேசியா. பக்கத்தில் இருப்பதையெல்லாம் கொட்டும். விஷயம் தெரிந்ததும் பிளேடால் சுரண்டினேன். அதுதான் தப்பு. ஒட்டியிருந்த துணுக்குகள் தனித்தனியாக வளர்ந்து, மூன்று வாரத்தில் ஏழு! இப்போது சிரிஞ்சில் கெட்டிச் சுண்ணாம்புக் கரைசல் எடுத்து அதன் வாயில் விடுகிறோம். நேற்று எண்ணினேன், இன்னும் இரண்டு பாக்கி.

— 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்