கால் சொன்ன கல்: திருவண்ணாமலைத் தோட்டத்தில் ஒரு நீச்சல் குளக்கரை உருவாகிறது!

வீட்டில் நீச்சல் குளம் கட்டுகிறார்கள் என்றால் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் எட்டிப் பார்ப்பது குழியைத்தான். எத்தனை அடி ஆழம், உள்ளே நீல டைல்ஸா வெள்ளையா, மோட்டார் எங்கே வருகிறது என்று கேள்விகள் பறக்கும். உண்மையான பரபரப்பு குழிக்குள் இல்லை, கரையில் இருக்கிறது! ஈரக்காலோடு பிள்ளைகள் ஓடப்போகும் அந்த ஆறடி அகலத் தளத்தில் என்ன பதிப்பது? இந்த ஒரு கேள்விக்காக ஒரு குடும்பமும் ஒரு மேஸ்திரியும் ஒரு கல் பட்டறையும் நடத்திய திருவிழாவைக் கூடவே இருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பார்த்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடத் துடிக்கிறேன்.

முதலில் ஊரைக் கவனியுங்கள். திருவண்ணாமலை. பஞ்சபூதத் தலங்களில் நெருப்புக்கு உரியது. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொட்டுத் தாண்டும் ஊர். அந்த ஊரில்தான் பௌர்ணமி தோறும் லட்சக்கணக்கானவர்கள் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடக்கிறார்கள். பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் எதுவும் இல்லாமல் வாழத் தெரிந்த ஊர் இது. குளக்கரைக்குக் கல் தேட இதைவிடச் சரியான இடம் இருக்க முடியுமா!

வெயிலில் ஓர் அணிவகுப்பு

தோட்டத்துக்குள் நுழைந்தபோதே மேஸ்திரி உத்தரவு போட்டார். "செருப்ப அங்கயே விட்டுட்டு வாங்க சார். அப்பத்தான் புரியும்."

காலையிலேயே மாதிரித் துண்டுகளை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். நிழல் எதன் மேலும் விழாத இடமாகப் பார்த்து வைத்திருந்தார். கண்ணாடியாய் மின்னும் பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட், விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் பக்கத்துச் சரக்கு. அதன் பக்கத்தில் ஆந்திரத்துக் கடப்பா கல். ராஜஸ்தானிலிருந்து வரும் பச்சை கலந்த கோட்டா கல். செட்டிநாட்டுப் பூ வேலையோடு ஆத்தங்குடி டைல்ஸ். மொட்டை மாடியில் பதிக்கும் சுட்ட மண் தட்டோடு. வெள்ளை வெளேரென்று கூலிங் டைல்ஸ். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த பலகை. சிமென்ட் பேவர் பிளாக். கடைசியில், பார்வைக்கு எந்தக் கவர்ச்சியும் இல்லாமல், சொரசொரப்பாக ஒரு வெளிர் சாம்பல் கிரானைட்.

உச்சி வேளை வந்தது. சோதனை நடத்தப் போவது யார் தெரியுமா? வீட்டு ஆயா!

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலைய சுத்துற காலு இது. பொய் சொல்லாது" என்று புடவையை லேசாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார். கறுப்பு கிரானைட்டில் வைத்த கால் வைத்த வேகத்தில் எழுந்தது. "ஐயோ சாமி, எடுங்கடா இத!" மரத்தூள் பலகையிலும் அதே கதை. கடப்பாவில் முகம் சுளித்தார். வெள்ளை டைல்ஸில் நின்றார், ஆனால் கண்ணைக் கூசுகிறது என்று கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். தட்டோட்டில் சாவகாசமாக நின்று பேச ஆரம்பித்துவிட்டார்! வெளிர் சாம்பல் கல்லில் இரண்டு மூன்று எட்டு நடந்து, "பரவால்ல, சுடுது, ஆனா பொறுக்கலாம்" என்றார். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

ஏன் அப்படிச் சுட்டது?

இதற்குள் இரண்டு தனித்தனி ரகசியங்கள் இருக்கின்றன. முதல் ரகசியம் நிறம். கறுப்பு, வெயிலின் பெரும்பகுதியை உள்ளே வாங்கிக்கொள்கிறது. வெள்ளை திருப்பி அனுப்பிவிடுகிறது. ஒரே மண்ணில் வெட்டிய இரண்டு கல்லாக இருந்தாலும் கறுத்தது அதிகம் காயும்.

இரண்டாவது ரகசியம் இன்னும் சுவாரசியம். தரை எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது ஒன்று. அந்தச் சூடு எவ்வளவு வேகமாகக் காலுக்குள் ஏறுகிறது என்பது வேறொன்று. கிரானைட் தன் வெப்பத்தை அள்ளி அள்ளிக் கொடுக்கும். சுட்ட செங்கல் ஏறக்குறைய அதில் நாலில் ஒரு பங்கு வேகத்தில்தான் கடத்தும். மரமோ பத்தில் ஒரு பங்கு கூடக் கடத்தாது. அதனால்தான் ஒரே வெயிலில் கிடந்த கல்லும் தட்டோடும் ஆயாவின் பாதத்திடம் வேறு வேறு கதை சொல்லின. மரத்தூள் பலகை ஏன் தோற்றது? கலந்திருக்கும் பிளாஸ்டிக்கும் அடர்ந்த பழுப்பு நிறமும் சேர்ந்து அதை வெயிலில் கொதிக்க வைத்துவிட்டன.

இந்த அறிவு நம் கோயில்களில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது. கோடை வந்ததும் பக்தர்கள் நடக்கும் கல் தளத்தில் தென்னை நார் விரிப்பு போடுவார்கள். வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயின்ட்டைப் பாதைபோல அடிப்பார்கள். அண்ணாமலையார் கோயில் பிரகாரத்திலும் அப்படித்தான். நார் விரிப்பு சூட்டைக் கடத்தாமல் தடுக்கிறது, வெள்ளைப் பெயின்ட் சூட்டை வாங்காமல் தடுக்கிறது. இரண்டு ரகசியத்துக்கும் இரண்டு விடை, ஒரே பிரகாரத்தில்!

அடுத்த சுற்று: ஒரு வாளி தண்ணீர்

வெயில் சோதனை முடிந்ததும் மேஸ்திரி வாளியைக் கவிழ்த்தார். இப்போது ஆட்டமே மாறியது. ஆத்தங்குடி டைல்ஸ் மேல் எனக்கு எப்போதும் காதல். சிமென்ட், மணல், வண்ணப்பொடி மூன்றையும் கண்ணாடித் தகட்டின் மேல் கையால் வார்த்து எடுக்கிற அழகே அழகு. அந்தக் கண்ணாடிதான் அதற்கு வழவழப்பைக் கொடுக்கிறது. கூடத்துக்கு அது வரம். சொட்டச் சொட்ட நனைந்த குளக்கரையில் கால் சறுக்கும். பாலிஷ் போட்ட எந்தக் கல்லுக்கும் இதே விதி.

வெறுங்கால் வழுக்கலை அளக்க ஜெர்மனியில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது சிரித்து மகிழ்ந்தேன். மாதிரித் தளத்தின் மேல் சோப்பு நீர் ஓடவிட்டு, வெறுங்காலோடு ஒருவரை நடக்கவிட்டு, தளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ப்பார்கள். 12 டிகிரி சாய்வு வரை தாங்கினால் ஏ வகுப்பு, 18 டிகிரி என்றால் பி, 24 என்றால் சி. நீச்சல் குளத்தைச் சுற்றியுள்ள நடைதளத்துக்கு பி வேண்டும். தண்ணீருக்குள் இறங்கும் படிகளுக்கு சி வேண்டும். ஆக, அங்கேயும் கடைசியில் தீர்ப்புச் சொல்வது ஒரு மனிதரின் பாதம்தான்! டைல்ஸ் வாங்கும்போது இந்த வகுப்பை விவரத் தாளில் பாருங்கள்.

கோயில் ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே போனால் இடது கைப் பக்கம் சிவகங்கைத் தீர்த்தம். கிருஷ்ணதேவராயர் காலத் திருப்பணி. இப்படிப்பட்ட பழைய குளங்களின் கருங்கல் படிகளை யாரும் கண்ணாடியாய் இழைக்கவில்லை. உளியால் பொளிந்து விட்டார்கள். அம்மி கொத்துவது போல, கல்லின் முகத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் விழவேண்டும். நனைந்த கால் பிடித்து நிற்க அந்தப் புள்ளிகள் போதும். இன்று பட்டறைகளில் இதே வேலையை எந்திரச் சுத்தியல் செய்கிறது.

பட்டறைக்குள் நெருப்பு!

அந்த வெளிர் சாம்பல் கல்லுக்குச் சொரசொரப்பு எப்படி வந்தது என்று கேட்டேன். "வாங்க, காட்டுறேன்" என்று பட்டறைக்கே கூட்டிப் போனார்கள். என் வயது பத்து குறைந்துவிட்டது!

கிரானைட் பலகையைப் படுக்க வைக்கிறார்கள். ஆக்ஸிஜனும் எரிவாயுவும் சேர்ந்து சீறும் நெருப்புக் குழலை ஒருவர் கல்லின் மேல் மெல்ல நகர்த்துகிறார். படபடவென்று பொரிகிறது கல்! மேல் தோல் செதில் செதிலாகத் தெறிக்கிறது. கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸ் படிகங்கள் சூடேறும்போது மற்றவற்றைவிட அதிகம் விரிகின்றன. 573 டிகிரியில் அவற்றின் உள் அமைப்பே மாறி, சட்டென்று பருக்கின்றன. பக்கத்துத் துகள்கள் இடம் கொடுக்காமல் தோல் உடைந்து தெறிக்கிறது. மிஞ்சுவது கரடுமுரடான, காலைப் பிடிக்கும் முகம். நிறமும் கொஞ்சம் வெளுக்கிறது. ஃபிளேம்டு ஃபினிஷ் என்று பட்டறையில் சொல்கிறார்கள்.

பட்டறைக்காரர் இன்னொரு உள்விவரம் சொன்னார். பலகை 20 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் நெருப்பில் விரிசல் விடும். 30 மில்லிமீட்டர் என்றால் நிம்மதி. கறுப்பு கிரானைட்டுக்கு இந்த வேலை அவ்வளவாக எடுபடாது. வியாபாரத்தில் கிரானைட் என்று பெயர் பெற்றாலும் அந்தக் கறுப்புக் கல்லில் குவார்ட்ஸ் மிகக் குறைவு. பொரிய வேண்டியது உள்ளே இல்லையே!

எலுமிச்சம்பழம் ஏன் வந்தது?

குளத்து நீரின் பி.எச். அளவு 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஏறினால் இறக்குவதற்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றுவார்கள். அது கரையில் சிந்தினால்? கடப்பாவும் கோட்டாவும் சுண்ணாம்புக் கல் இனம். அமிலம் பட்டால் அரிக்கும். வீட்டு அக்கா அரை மூடி எலுமிச்சம்பழத்தைக் கடப்பாத் துண்டில் பிழிந்து விட்டு வைத்தார். கழுவியபின் அங்கே மங்கலாக ஒரு தடம். கிரானைட்டில் ஒன்றும் இல்லை. சமையலறை அலமாரியில் கடப்பா வைத்திருக்கும் யாருக்கும் தெரிந்த சங்கதி, குளக்கரையில் பெரிய முடிவாக மாறியது!

தட்டோட்டுக்கும் ஒரு குறை உண்டு. தண்ணீரைக் குடிக்கும், எப்போதும் ஈரமாக இருந்தால் பாசி பிடிக்கும், உப்புப் பூக்கும். ஆயாவுக்குப் பிடித்த ஓட்டை விட்டுவிட முடியுமா? தண்ணீர் தெறிக்காத தூரத்தில், புங்க மரத்தடித் திண்ணையைச் சுற்றிப் பதிப்பது என்று முடிவு.

அப்புறம், மேஸ்திரியின் மந்திரம்

தண்ணீரை ஒட்டிய கரைக்கு நெருப்பு காட்டிய வெளிர் சாம்பல் கிரானைட். கல் தேர்ந்தாகிவிட்டது என்று நான் துள்ள, மேஸ்திரி அமைதியாக டியூப் மட்டத்தை எடுத்தார். "கல்லு பாதி வேலைதான் சார். வாட்டம் மீதி வேலை."

கரைத் தளம் குளத்தை விட்டு வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும். மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர். மழைநீரும் மண்ணும் குளத்துக்குள் இறங்காமல் வாய்க்காலுக்குப் போகும். தண்ணீர் தேங்காத தளத்தில் பாசிக்கு இடமில்லை. பாசி இல்லாத தளத்தில் வழுக்கலும் இல்லை. குளத்துச் சுவருக்கும் தளத்துக்கும் நடுவில் சுமார் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, ரப்பர்போல நெகிழும் சீலன்ட் அடைக்கிறார்கள். வெயிலில் தளம் விரியும்போது சுவரை நெட்டித் தள்ளாமல் இருக்க அந்தச் சின்ன இடைவெளி காவல். கரை ஓரக் கல்லின் விளிம்பை உருட்டி வழித்து எடுத்தார்கள். பிள்ளைகள் பிடித்துத் தொங்கும் இடம் அல்லவா!

ஒன்றை மனசாரச் சொல்கிறேன். ஏசி போட்ட ஷோரூமில், மேசை மேல் வைத்த கல்லைக் கையால் தடவிப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். அங்கே கண் மயங்கிவிடும். ஒரு சதுர அடித் துண்டு கேட்டு வாங்குங்கள். நடுப்பகல் வெயிலில் போடுங்கள். தண்ணீர் ஊற்றுங்கள், சோப்பு நீரும் ஊற்றுங்கள். வீட்டிலேயே வயதான காலையும் மிக மென்மையான பிஞ்சுக் காலையும் கூப்பிடுங்கள். பக்கத்தில் கை கொடுக்க ஆள் நிற்கட்டும். அந்த இரண்டு காலும் ஒத்துக்கொண்ட கல், பெயர் எதுவானாலும் விலை எதுவானாலும், உங்கள் குளக்கரைக்கு உரிய கல். தைரியமாகப் பதியுங்கள்!