கூடிப் பேசும் தத்துவம்



தத்துவம் என்ற சொல்லைக் கேட்டதுமே, அது துறவிகளுக்கும் பேராசிரியர்களுக்கும் உரிய பொருள் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால், ‘நல்லவர்களுக்கு ஏன் துன்பம் வருகிறது?’, ‘ஒரு பொய்யால் ஓர் உயிர் பிழைக்குமானால் அந்தப் பொய் குற்றமா?’, ‘நேற்றிருந்த நானும் இன்றிருக்கும் நானும் ஒருவர்தாமா?’ என்று ஒருமுறையேனும் கேட்டுக்கொள்ளாத மனிதர் யார்? சாவு வீட்டு முற்றத்திலும், காப்பிக்கடை மேசையிலும், மருத்துவமனை வாசலிலும் இக்கேள்விகள் எழுந்தவண்ணம் இருக்கின்றன. அளந்து பார்த்தோ கணக்குப் போட்டோ முடிவுகட்ட இயலாதவை இவை. ஆயினும் காரணம் காட்டிப் பேசக்கூடியவை. இத்தகைய கேள்விகளையே தத்துவக் கேள்விகள் என்கிறோம். இவற்றைப் பத்துப் பேர் கூடி உட்கார்ந்து பேசுவது எப்படி? அந்தக் கூட்டத்தை நடத்துபவரின் கடமை யாது? இவ்விரண்டுமே இன்றைய பேச்சின் பொருள்.

பேச்சுக் கூட்டம் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது பட்டிமன்றம். இரண்டு அணிகள், ஒரு நடுவர், இறுதியில் ஒரு தீர்ப்பு. சுவையான கலை அது. அதைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால் பட்டிமன்றத்தில் பேசுபவர் எந்தக் கட்சி என்பது அவர் மேடை ஏறும் முன்பே முடிவாகிவிடுகிறது. எதிரணியினர் சொல்வது சரிதான் என்று நடுவில் அவருக்குத் தோன்றினாலும், அதைச் சொல்ல வழியில்லை. தத்துவ உரையாடலின் இலக்கணம் இதற்கு நேர் மாறானது. அங்கே மனம் மாறுவது தோல்வியன்று; கூட்டம் பயன் தந்தது என்பதற்கு அதுவே அடையாளம். ஆகவே அங்கே தீர்ப்புச் சொல்லும் நடுவர் தேவையில்லை. நெறிப்படுத்தும் ஒருவரே தேவை. அவரை நெறியாளர் என்று அழைப்போம்.

இது மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்று எண்ண வேண்டாம். மணிமேகலைக் காப்பியத்தின் முதற்காதையிலேயே, புகார் நகரில் இந்திர விழா அறிவிக்கப்படும்போது, சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறலாம் என்று முரசறைவோன் அறிவிக்கிறான். உடனே மற்றொன்றையும் சேர்த்துச் சொல்கிறான்: பகைவர் முன்னிலும் சினமும் கலகமும் கொள்ளாமல் விலகிப் போங்கள் என்கிறான். வாதம் செய்ய அழைத்த கையோடு வாதத்தின் ஒழுங்கையும் கூறிவிட்டார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அதே காப்பியத்தின் 27ஆம் காதையில், மணிமேகலை வஞ்சி நகரில் வேற்றுருக் கொண்டு சமயக் கணக்கர் ஒவ்வொருவரிடமும் செல்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி எனப் பலரையும் அணுகி, அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே சொல்லக் கேட்கிறாள். பெரும்பாலும் குறுக்கிடாமல் கேட்கிறாள். கண்ணால் காண்பதையன்றி வேறெதையும் ஏற்கமாட்டேன் என்ற பூதவாதியிடம் மட்டும், அப்படியானால் உன் தாய் தந்தையரை நீ எப்படி அறிந்தாய், அதுவும் அனுமானம்தானே என்று சிரித்தபடி கேட்கிறாள். சுருக்கமான கேள்வி, ஆனால் அவன் கொள்கையின் அடிப்படையையே தொடும் கேள்வி. மணிமேகலை பௌத்தக் காப்பியம். எந்தப் பக்கம் வெல்லும் என்பது முன்பே தெரிந்ததுதான். எனினும், மறுக்கும் முன் கேட்க வேண்டும் என்ற முறை அதில் நிற்கிறது.

சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியாரை அருள்நந்தி சிவாசாரியார் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளாக அமைத்தார். பரபக்கம் என்பது பிறர் கொள்கை. சுபக்கம் என்பது தம் கொள்கை. பிறர் கொள்கையை எடுத்துரைத்து, அதற்கு மறுப்புக் கூறிய பிறகே அவர் தம் கொள்கைக்கு வருகிறார். குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியத்தின் கதை இன்னும் வியப்பானது. அந்நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை; சில பாடல்களே எஞ்சியுள்ளன. அதை எதிர்த்து எழுந்த சமண நூலாகிய நீலகேசியும் அதன் உரையும் இருப்பதால்தான், குண்டலகேசியின் வாதங்களைப் பற்றி நாம் ஓரளவேனும் அறிய முடிகிறது. எதிரியின் சொல்லை எடுத்துக்கூறி வாதிட்டவர்களாலேயே எதிரியின் சொல்லும் பிழைத்தது!

நியாய நூலார் விவாதத்தை மூன்றாகப் பிரித்தார்கள். உண்மையைக் காண்பதற்காகப் பேசுவது வாதம். வெற்றிக்காகவே பேசுவது செற்பம். தனக்கென ஒரு கொள்கையும் நிறுவாமல், பிறர் சொல்வதை மறுப்பதையே தொழிலாகக் கொள்வது விதண்டை. ‘விதண்டாவாதம் பண்ணாதே’ என்று வீட்டில் பிள்ளைகளை அதட்டுகிறோமே, அச்சொல் இங்கிருந்து வந்ததுதான். நெறியாளரின் வேலையை ஒரே வரியில் சொல்வதானால், கூட்டத்தைச் செற்பத்திற்கும் விதண்டைக்கும் நழுவவிடாமல் வாதத்தில் நிறுத்திவைப்பதே ஆகும்.

நம் காலத்திலும் இம்முறை உயிர்பெற்றிருக்கிறது. 1992ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில், பஸ்தீல் சதுக்கத்தில் உள்ள ஒரு காப்பிக்கடையில், மார்க் சோத்தே என்ற தத்துவ ஆசிரியர் ஞாயிறு காலைக் கூட்டங்களைத் தொடங்கினார். யாரும் வரலாம், வந்தவர்களே தலைப்புச் சொல்லலாம். அங்கிருந்து தத்துவக் காப்பிக்கடை என்ற வழக்கம் பல நாடுகளுக்கும் பரவியது. காப்பிக்கடைக்குப் பஞ்சமில்லாத சிங்கப்பூரில் நாமும் இதைச் செய்யலாமன்றோ?

பிடோக் பேட்டையில் அத்தகைய ஒரு கூட்டம் நடப்பதாக வைத்துக்கொள்வோம். புளோக்கின் கீழ்த்தளமோ, சமூக மன்றத்தின் ஓர் அறையோ போதும். எட்டுப் பேருக்குக் குறைந்தால் பேச்சு விரைவில் ஓய்ந்துவிடும். பதினைந்தைத் தாண்டினால் பாதிப்பேர் வாய் திறக்க மாட்டார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட வேண்டும். ஒன்றரை மணி நேரம், ஒரே ஒரு கேள்வி. ‘வாழ்க்கை என்றால் என்ன?’ என்பது போன்ற அகன்ற கேள்வி வேண்டாம். அது சொற்பொழிவில் போய் முடியும். கூடியிருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பொருளிலிருந்து எழும் கேள்வியே நல்லது.

எடுத்துக்காட்டாக, ‘இது அதே பிடோக்தானா?’ என்று கேட்போம். 1966இல் கிழக்குக் கரையோரத்தில் கடலைத் தூர்க்கும் பணி தொடங்கியது. இவ்வட்டாரத்துக் குன்றுகளை வெட்டிய மண் கடலுக்குள் போயிற்று. கம்பத்து வீடுகள் மறைந்து அடுக்குமாடிகள் எழுந்தன. மணல் தோண்டிய பள்ளம் 1986இல் பிடோக் நீர்த்தேக்கமாயிற்று. குன்று இருந்த இடத்தில் குன்று இல்லை. கடல் இருந்த இடத்தில் கடல் இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது. பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட தீசியஸ் மன்னனின் கப்பல் அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் வாதிட்டதாகப் புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். அக்கேள்வியே இங்கு நம் வாசலுக்கு வந்து நிற்கிறது.

ஒரு முதியவர் தொடங்குகிறார்: “நான் பார்த்த பிடோக் இது இல்லை. அது போய்விட்டது.” டாக்சி ஓட்டும் ஒருவர், “அதெப்படி ஐயா? இடம் அதேதானே, பெயரும் அதேதானே?” என்கிறார். தொடக்கக் கல்லூரி மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொல்கிறாள்: “மண்தான் பிடோக் என்றால், அதில் ஒரு பகுதி கடற்கரைப் பூங்காவுக்கு அடியில் கிடக்கிறதே!” எல்லாரும் சிரிக்கிறார்கள். அப்போது தாதியாக வேலை செய்யும் பெண்மணி கூறுகிறார்: “நினைவு தப்பிப்போன ஒருவரைப் பார்க்க அவர் மகன் தினமும் வருகிறார். அவருக்கு மகனைத் தெரியவில்லை. ஆனால் மகனுக்கு அவர் அதே அப்பாதான்.” சிரிப்பு அடங்குகிறது. ஊரைப் பற்றிய கேள்வி மனிதரைப் பற்றிய கேள்வியாகிவிட்டது.

இங்கேதான் நெறியாளர் தேவைப்படுகிறார். அவர் செய்ய வேண்டியவை யாவை?

முதலாவதாக, சொல்லைத் தெளிவாக்க வேண்டும். ‘அதே’ என்ற சொல்லை நால்வரும் நான்கு பொருளில் ஆள்கிறார்கள். ஒருவருக்கு அது தோற்றம், ஒருவருக்கு இடமும் பெயரும், ஒருத்திக்கு மண், ஒருவருக்கு உறவு. இதை எடுத்துக்காட்டினாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். மீதிப் பாதியே உண்மையான கருத்து வேறுபாடு. அதைத்தான் பேச வேண்டும்.

இரண்டாவதாக, மறுப்பதற்கு முன் திருப்பிச் சொல்லச் செய்ய வேண்டும். “ஐயா, அந்தப் பெண் சொன்னதை உங்கள் சொற்களில் ஒருமுறை சொல்லுங்கள், பிறகு உங்கள் மறுப்பைக் கூறலாம்” என்று கேட்க வேண்டும். அந்தப் பெண் “ஆம், நான் சொன்னது அதுதான்” என்று ஏற்ற பிறகே மறுப்புத் தொடங்கலாம். பரபக்கம் முன், சுபக்கம் பின் என்ற நம் பழைய ஒழுங்கு இதுவே. இந்த ஒரு விதியை மட்டும் கடைப்பிடித்தாலே கூட்டத்தின் குரல் தணிந்துவிடும்.

மூன்றாவதாக, மேற்கோளைக் கேள்வியாக மாற்ற வேண்டும். நம் கூட்டங்களில் ஒருவர் குறள் ஒன்றைச் சொல்லிவிட்டால் பேச்சு அத்துடன் முடிந்துவிடும். வள்ளுவருக்கு எதிராக யார் பேசுவது? அவ்வேளையில் நெறியாளர், “வள்ளுவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் என்னவாக இருக்கும்?” என்று கேட்க வேண்டும். சொன்னவர் யார் என்று பாராமல் சொன்னதன் உண்மையைப் பார்க்கச் சொன்னவரும் அவரேயல்லவா?

நான்காவதாக, வயதுக்குரிய மரியாதையையும் கருத்துக்குரிய உரிமையையும் ஒருசேரக் காக்க வேண்டும். பெரியவரை எதிர்த்துப் பேசலாகாது என்று வளர்ந்த பிள்ளைகள் நம் பிள்ளைகள். “நீங்கள் சொல்வது தவறு” என்று அவர்களுக்கு வாய் வராது. “ஐயா சொன்னதில் எனக்கு ஓர் ஐயம்” என்று தொடங்கலாம் என நெறியாளர் வழி காட்டினால், மரியாதையும் குறையாது, கேள்வியும் மழுங்காது. பெரியவர்களுக்கும் ஒரு சொல்: பிள்ளைகள் ஐயம் கேட்பது அவமதிப்பன்று, நீங்கள் சொன்னதைக் கவனித்துக் கேட்டார்கள் என்பதற்கு அதுவே சான்று.

ஐந்தாவதாக, கருத்தைத் தாக்கலாம், ஆளைத் தாக்கக் கூடாது. சமயம் பற்றிய பேச்சில் இது மிக முக்கியம். 1950 டிசம்பரிலும் 1964 ஜூலையிலும் இத்தீவில் கலவரம் மூண்டு உயிர்கள் போயின. சமயங்களுக்கு இடையிலான அமைப்பு 1949லேயே இங்கு தோன்றியிருந்தது. சமய நல்லிணக்கத்தைக் காக்க 1990இல் சட்டமும் இயற்றப்பட்டது. இந்த வரலாற்றைக் கண்டு அஞ்சி, ஆழமான கேள்விகளையே பேசாமல் விட்டுவிடுவதும் ஒரு வழிதான். ஆனால் பேசாமல் விட்ட ஐயங்கள் மறைவதில்லை. தனியறைகளில் வன்மமாக வளர்கின்றன. ‘உங்கள் சமயம் அப்படிச் சொல்கிறது’ என்று பிறருக்காகப் பேசுவதைத் தவிர்த்து, ‘என் நம்பிக்கை இது, காரணம் இது’ என்று தமக்காக மட்டும் பேசவேண்டும் என நெறியாளர் தொடக்கத்திலேயே கூறிவிட வேண்டும். எல்லை மீறினால் நயமாக நிறுத்த வேண்டும். மீண்டும் மீறினால் உறுதியாக நிறுத்த வேண்டும்.

ஆறாவதாக, நெறியாளர் தம் கருத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். இதுவே எல்லாவற்றிலும் கடினமானது, ஆசிரியர்களாகிய எங்களுக்கு மேலும் கடினமானது. கேள்வி கேட்டவுடன் விடையையும் சொல்லிவிடும் பழக்கம் எங்களுடையது. நெறியாளர் ஒரு பக்கம் சாய்ந்தால், மறுபக்கத்தார் வாயை மூடிக்கொள்வார்கள். அமைதி நிலவினால் அவசரப்பட்டு அதை நிரப்ப வேண்டாம். பேசாதிருப்பவர் அநேகமாகச் சிந்தித்துக்கொண்டிருப்பார்.

இறுதியாக, தீர்ப்புக் கூறாமல் தொகுத்துக் கூற வேண்டும். இன்று எதில் எல்லாரும் உடன்பட்டோம், எதில் வேறுபட்டு நிற்கிறோம், அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் படித்துக் காட்டினால் போதும். தாதியம்மா சொன்னது அந்தத் தாளில் இப்படி இடம்பெறலாம்: ‘நினைவு போன பிறகும் ஒருவர் அதே மனிதராக இருப்பது, அவரை நினைவில் வைத்திருப்பவர்களால்தானா?’ அடுத்த மாதத்துக் கேள்வி கிடைத்துவிட்டது.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். 2010இல் சிங்கப்பூர்வாசிகளில், ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில், வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் நூற்றுக்கு 3.3 பேர், 2020இல் அது 2.5 ஆயிற்று. இக்கணக்கைக் காணும்போதெல்லாம் விழாக்களையும் போட்டிகளையும் பெருக்குகிறோம். அவை வேண்டியவையே. ஆனால் ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்கு ‘நான் ஏன் நேர்மையாக இருக்க வேண்டும்?’ என்ற கேள்வி உண்மையாகவே எழும்போது, அதை எந்த மொழியில் கேட்கிறது? தமிழில் கேட்டால் பழமொழியும் அதட்டலும் கிடைக்கும், ஆங்கிலத்தில் கேட்டால் காரணம் கிடைக்கும் என்று அப்பிள்ளை கண்டுகொண்டால், தமிழ் அதற்கு மேடை மொழியாகவும் தேர்வு மொழியாகவும் மட்டுமே நிற்கும். அளவை நூலின் நுணுக்கங்களையெல்லாம் காப்பியத்திற்குள்ளேயே பேசிய மொழி நம்முடையது. காரணம் கேட்கவும் காரணம் சொல்லவும் அதற்குச் சொல் உண்டு. அச்சொற்கள் புழங்குவதற்கு ஓர் இடம்தான் வேண்டும்.

பத்து நாற்காலிகள், ஒரு கேள்வி, தன் கருத்தை அடக்கத் தெரிந்த ஒருவர். உங்கள் பேட்டையிலும் இவை இருக்கும். வரும் மாதத்தில் ஒரு மாலை முயன்று பாருங்கள்.