கேமராவுக்கு ஒரு லென்ஸ், கொல்லிமலைக்கு இரு பயணங்கள்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறியவர்கள் ஒன்றை அறிவார்கள். கீழே கண்ணைக் கூசவைத்த வெயில், பாதி தூரத்திலேயே நம்மை விட்டு விலகிவிடும். மேலே பலா மரங்களின் நிழல்; அந்த நிழலில் மிளகுக்கொடி; எதிர்பாராத வேளையில் வந்து மூடும் பனி. உடலுக்கு இதமான இந்த மங்கல் வெளிச்சம், கேமராவுக்குச் சோதனையாகும்.

தாவரவியல் பயிலும் என் தங்கை மகள் இந்தச் சோதனையில்தான் முதலில் தோற்றாள். கொல்லிமலையின் சாமை, தினை முதலான சிறுதானியங்களையும், அவற்றை விளைவிக்கும் மலையாளிப் பழங்குடி மக்களின் உழவு முறையையும் படங்களுடன் தொகுத்துக் கல்லூரியில் அளிக்க வேண்டும் என்பது அவளுடைய திட்டம். துபாயிலிருந்து வந்த அவளுடைய அண்ணன் சிறிய மிரர்லெஸ் கேமரா ஒன்றைக் கொடுத்திருந்தார். முதல் பயணத்தில் எடுத்த இருநூறுக்கும் மேற்பட்ட படங்களில் தெளிவாக இருந்தவை முப்பதைத் தாண்டவில்லை. மற்றவற்றில் இலைகள் ஆடிப்போயிருந்தன. வீட்டுக்குள் எடுத்தவை புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. "கேமராவில்தான் பழுது, மாமா" என்றாள். பழுது கேமராவில் இல்லை. அத்துடன் வந்த ஜூம் லென்ஸ்தான் அந்த வெளிச்சத்துக்குப் போதவில்லை.

இதனை விளங்கிக்கொள்ள ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லலாம். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் (ரஹ்) அவர்கள், ஏறத்தாழ 1011 முதல் 1021 வரையிலான காலத்தில் "கிதாபுல் மனாழிர்" என்னும் ஒளியியல் நூலை எழுதினார்கள். இருட்டறையின் சிறு துளைக்கு வெளியே பல விளக்குகளை வைத்து, அவற்றின் ஒளி உள்ளே தனித்தனியாக விழுவதையும், ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய ஒளி மட்டும் மறைவதையும் காட்டினார்கள். துளை சிறிதானால் உருவம் தெளிவாகும், ஆனால் இருளும். துளை பெரிதானால் வெளிச்சம் கூடும், உருவமோ கலங்கும். இந்த இக்கட்டுக்குத் தீர்வாக வந்ததே லென்ஸ். அகன்ற துளை வழியே நிறைய ஒளியை உள்ளே விட்டு, அதனைத் தெளிவாகக் குவித்தும் தருகிறது.

அந்தத் துளையின் அளவைத்தான் லென்ஸின் மேல் எஃப் என்னும் எழுத்துடன் ஓர் எண்ணாகப் பொறித்திருக்கிறார்கள். எண் குறையக் குறையத் துளை அகலும். கேமராவுடன் தரப்படும் ஜூம் லென்ஸை முழுவதும் நீட்டினால் பெரும்பாலும் 5.6 என்னும் அளவில் நிற்கும். ஜூம் வசதியில்லாத, ஒரே குவியத் தூரம் கொண்ட பிரைம் லென்ஸ்களில் 1.8 என்பது சாதாரணம். 5.6ஐ 1.8ஆல் வகுத்து வர்க்கப்படுத்திப் பாருங்கள். ஏறத்தாழ 10 மடங்கு ஒளி! விநாடியில் 10இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டிய இடத்தில் 100இல் ஒரு பங்கு போதும். கை நடுக்கமும் இலையின் அசைவும் அதற்குள் படத்தைக் கெடுப்பது அரிது.

சரி, பிரைம் லென்ஸ் என்று முடிவாயிற்று, எந்தத் தூரத்தில்? இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். 50 மி.மீ. லென்ஸ்தான் சிறந்தது என்று யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கிவிடுகிறார்கள். அந்தச் சொல், 36க்கு 24 மி.மீ. அளவுள்ள பிலிமைக் கொண்ட கேமராக்களின் காலத்துக்கு உரியது. 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா கேமராவில் இருந்ததும் 50 மி.மீ. லென்ஸே. இன்றைய சிறிய மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் ஒளியை ஏற்கும் சென்சார் அதைவிடச் சிறியது. ஏபிஎஸ்-சி எனப்படும் அளவானால் குவியத் தூரத்தை 1.5ஆல் (கேனானில் 1.6ஆல்) பெருக்க வேண்டும், மைக்ரோ ஃபோர் தர்ட்ஸ் ஆனால் 2ஆல் பெருக்க வேண்டும். எனவே பழைய 50இன் பார்வையைப் பெற முதலாவதில் 35 மி.மீ. லென்ஸும், இரண்டாவதில் 25 மி.மீ. லென்ஸும் வேண்டும். தங்கை மகளின் கேமரா முதல் வகை.

அவள் முன் மூன்று வழிகள் இருந்தன. 23 மி.மீ. அகன்ற பார்வை தரும். வீட்டின் உட்புறத்துக்கும் வயல்வெளிக்கும் உகந்தது. 35 மி.மீ. நடுத்தரம். 50 மி.மீ. தூரத்தை நெருங்கிக் காட்டும். ஆனால் சிறிய வீட்டுக்குள் முதுகு சுவரில் முட்டும்வரை பின்வாங்க நேரிடும். கதிரின் ஒவ்வொரு மணியையும் பெரிதாகக் காட்ட மேக்ரோ லென்ஸ் என்று நான்காவது வகையும் உண்டு. 35 மி.மீ. லென்ஸ்கள் பொதுவாக 30 செ.மீ. வரைதான் நெருங்கவிடும் என்பதால் அவளுக்கு அதன்மீதும் ஒரு கண்! ஆனால் கையில் இருந்ததோ டியூஷன் எடுத்துச் சேர்த்த தொகை. தவணையில் வாங்கலாம் என்று கடையில் ஆசை காட்டினார்கள். விசாரித்தபோது அதில் வட்டி இருப்பது தெரிந்தது; வேண்டாமென்று அவளே சொல்லிவிட்டாள். ஆக, ஒன்றே ஒன்றுதான். தவறினால் மறு வாய்ப்பு இல்லை.

நான் அவளுக்குச் சொன்ன யோசனை காசில்லாதது. இருக்கிற ஜூம் லென்ஸின் வளையத்தை 23இல் நிறுத்தி, நகராதபடி டேப் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் படம் எடு, மறுநாள் 35இல், மூன்றாம் நாள் 50இல். அத்துடன் முன்னர் எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் பயன்பட்ட தூரத்தைக் கேமராவே குறித்து வைத்திருக்கும். அதையும் எண்ணிப் பார். எண்ணினாள். அவளுடைய நல்ல படங்களில் பாதிக்கு மேல் 30க்கும் 40க்கும் இடையில் இருந்தன. அவளுடைய கண் எப்போதோ தேர்ந்துவிட்டதைத்தான் நாங்கள் விவாதித்துக்கொண்டிருந்தோம்.

வாசகர்களின் வீடுகளிலும் ஒரு லென்ஸ் உறங்கிக்கொண்டிருக்கலாம். 1980களில் வளைகுடாவிலிருந்து வாப்பாவோ மாமாவோ கொண்டுவந்த பழைய கேமரா, லென்ஸைக் கழற்றக்கூடிய வகையானால் அதை எறிந்துவிடாதீர்கள். பழைய எஸ்எல்ஆர் கேமராக்களில் நடுவில் ஒரு கண்ணாடி ஆடுவதற்கு இடம் தேவைப்பட்டதால் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே 45 மி.மீ. போல இடைவெளி இருந்தது. மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி இல்லை. சோனி இ வகையில் இடைவெளி 18 மி.மீ. மட்டுமே. எஞ்சிய இடத்தில் ஒரு அடாப்டர் வளையத்தைப் பொருத்திப் பழைய லென்ஸைப் பயன்படுத்தலாம். குவியத்தைக் கையால் திருப்பியே சரிசெய்ய வேண்டும். விளக்கொளியில் பிடித்து, உள்ளே சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்க.

"ஹஜ்ரத், படம் எடுப்பதே கூடுமா?" என்று சிலர் கேட்கக்கூடும். உலமாக்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ (ரஹ்) அவர்கள், புகைப்படம் என்பது நிழலைப் பிடித்து நிறுத்துவதே என்று கூடும் என்ற பக்கம் நின்றார்கள். கூடாது என்போரும் உள்ளனர். மலையும் மரமும் கதிரும் இந்த வாதத்துக்கு வெளியே நிற்கின்றன. மனிதர்களை, குறிப்பாகப் பெண்களை, அவர்கள் அறியாமல் எடுப்பதை எந்தத் தரப்பும் நியாயப்படுத்தவியலாது என்பதே என் எண்ணம். தூரத்திலிருந்து திருட்டுத்தனமாகப் பிடிக்கும் வசதி 35 மி.மீ. லென்ஸில் இல்லை, நடந்து அருகே செல்ல வேண்டும், சென்றால் பேசியாக வேண்டும். இது அதன் குறையன்று. ஆயுள் முழுவதும் 50 மி.மீ. லென்ஸையே பெரிதும் நம்பிய பிரெஞ்சுக்காரர் ஆன்ரி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன், 1948இல் ஸ்ரீநகரின் ஹரி பர்பத் குன்றில் முஸ்லிம் பெண்கள் நின்று இறைஞ்சும் காட்சியைப் படம் பிடித்தார். உலகப் புகழ்பெற்ற அந்தப் படம் முகங்களை நம்பி எடுக்கப்பட்டதன்று.

35 மி.மீ. லென்ஸுடன் அறுவடைக் காலத்தில் மீண்டும் மலையேறினோம். எல்லாம் வெற்றி என்று சொல்லமாட்டேன். ஆகாய கங்கை அருவிக்கு ஏறத்தாழ ஆயிரம் படிகள் இறங்கிச் சென்றபின், முழு அருவியும் சட்டத்துக்குள் அடங்க மறுத்தது. பின்வாங்க இடமில்லை, 23 இருந்திருந்தால் என்று அவள் முணுமுணுத்தாள். சாமைக் கதிரை நெருங்கி 1.8இல் எடுத்ததில் ஒரு மணி தெளிந்தது, பக்கத்து மணி மங்கியது, துளையை 5.6க்குச் சுருக்கிய பிறகுதான் கதிர் முழுமையாக வந்தது. அகன்ற துளை இருக்கிறதென்று எப்போதும் அகலத் திறந்தே வைப்பது புதியவர்கள் செய்யும் பிழை.

செம்மேட்டுக்கு அப்பால் ஒரு வீட்டில் முதிய பெண்மணி ஒருவர் சாமையை முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் தொடங்கி இம்மலையின் சிறுதானிய ரகங்களைக் காக்கப் பணியாற்றி வந்துள்ளது; மரவள்ளியும் மிளகும் காப்பியும் பரவிய நிலங்களில் சாமை சுருங்கிவிட்டது. படம் எடுக்கலாமா என்று என் தங்கை மகள் கேட்டாள். "மூஞ்சி வேணாம் கண்ணு, கைய எடுத்துக்க" என்றார் அவர். வாசல் வழியே வந்த வெளிச்சம் மட்டுமே, விளக்கு இல்லை. அவள் முறத்தருகே அமர்ந்து, 1.8இல், நான்கே படங்கள் எடுத்தாள். உமி பறப்பதும், கைநரம்புகளும், முறத்தின் பின்னலும் அப்படியே வந்திருந்தன. கேமராவின் திரையில் காட்டியபோது அந்த அம்மையார் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது எங்க அம்மா கையி மாதிரியே இருக்கு" என்றார்.

நாமக்கல்லில் அச்சிட்டு எடுத்து, செம்மேடு செல்லும் பேருந்தில் தெரிந்தவர் ஒருவரிடம் அந்தப் படத்தைக் கொடுத்தனுப்பியிருக்கிறோம்.