உடலின் காவல் – 14: மண்ணீரல் சொன்ன சாட்சி

ஆன்டிபயாட்டிக் வேலை செய்துவிட்டது. ரத்த கல்ச்சரில் இப்போது கிருமி வளரவில்லை. ஆனாலும் நோயாளி பிழைக்கவில்லை. ஐ.சி.யூ.வில் பல காலம் பணிபுரிந்த மருத்துவர்களுக்கு இப்படிப்பட்ட மரணங்கள் பழக்கமானவை.

ரத்தத்தில் பாக்டீரியா நுழைந்ததும் உடல் எப்படிக் கொதித்தெழுகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். வெள்ளணுக்கள் டி.என்.எஃப்., இன்டர்லூகின்-1 முதலான புரதங்களைக் கொட்டுகின்றன. ரத்தக் குழாய்கள் தளர்ந்து கசிகின்றன. பிரஷர் இறங்குகிறது, சிறுநீர் குறைகிறது, முழங்கால் தோலில் ஊதா நிறத் திட்டுகள் படர்கின்றன. செப்சிஸ் என்கிற இந்த நிலை 2017-இல் உலகெங்கும் சுமார் 4.89 கோடிப் பேருக்கு வந்தது என்றும், அதையொட்டி 1.1 கோடிப் பேர் இறந்தார்கள் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள்.

கொல்வது கிருமியைவிட இந்தக் கொதிப்புதான் என்றால், கொதிப்பை அடக்கிவிட்டால் போதுமே? 1980-களில் பலரை ஆட்கொண்ட எண்ணம் இது. 1985-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் பாய்ட்லரும் அந்தோணி செராமியும் டி.என்.எஃப்.-ஐ முடக்கும் எதிர்ப்பொருளை எலிகளுக்கு முன்கூட்டியே கொடுத்தார்கள். எண்டோடாக்சின் என்ற பாக்டீரிய நஞ்சைச் செலுத்தியும் எலிகள் தாக்குப்பிடித்தன. அடுத்த இரண்டே ஆண்டில் கெவின் டிரேசி பாபூன் குரங்குகளின் ரத்தத்தில் உயிருள்ள ஈ.கோலை பாக்டீரியாவையே ஏற்றினார். டி.என்.எஃப்.-ஐ முடக்கும் மருந்து பெற்ற குரங்குகள் பிழைத்தன. ஆனால், முழுப் பாதுகாப்பு கிடைக்க மருந்தை 2 மணி நேரம் முன்னதாகவே கொடுத்திருக்க வேண்டும். காய்ச்சலும் நடுக்கமுமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவரப்படும் மனிதருக்கு அந்த 2 மணி நேரம் எப்போதோ கடந்துபோயிருக்கும்.

மனிதர்களிடம் சோதித்தபோது நம்பிக்கை நொறுங்கியது. டி.என்.எஃப்.-ஐத் தடுப்பதற்காக இன்று முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் எட்டனர்செப்ட் மருந்தை, செப்சிஸ் முற்றி செப்டிக் ஷாக்கில் இருந்த 141 பேரிடம் சோதித்த முடிவு 1996-இல் வெளியானது. மருந்தில்லாத ஊசி பெற்றவர்களில் 30 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். அதிக அளவு மருந்து பெற்றவர்களில் இறந்தவர்கள் 53 சதவீதம். காப்பாற்ற வந்த மருந்தே ஆளைச் சாய்த்ததைக் காட்டும் இந்த எண்களை இப்போது படித்தாலும் மனம் பதறுகிறது.

இப்படி ஆகக்கூடும் என்பதற்கான தடயம் ஓர் எலி வகையில் முன்பே இருந்தது. எண்டோடாக்சினை எவ்வளவு ஏற்றினாலும் அசராத எலிகள் அவை. அந்த நஞ்சை உணரும் டி.எல்.ஆர்-4 என்ற ஏற்பி அவற்றில் பழுதாகியிருக்கிறது என்று 1998-இல் கண்டுபிடித்தவரும் பாய்ட்லர்தான். 2011-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நஞ்சுக்கு அசராத அதே எலிகள், உயிருள்ள சால்மொனெல்லா பாக்டீரியா கொஞ்சம் உள்ளே போனாலே செத்துவிடும். கொதிப்பே எழாத உடலில் கிருமியைத் தடுக்க ஆளில்லை.

அதே 2011-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து இன்னொரு சாட்சி வந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு ஹாட்ச்கிஸ் குழுவினர், செப்சிஸில் இறந்த 40 பேரின் மண்ணீரலிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் படுக்கையருகிலேயே திசு எடுத்தார்கள். உயிர் பிரிந்து அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். தாமதித்தால் அணுக்கள் சிதைந்துவிடும். மண்ணீரல் அணுக்களைப் பிரித்து, எதிரி வந்துவிட்டான் என்று உணர்த்தும் பொருள்களைச் சேர்த்து 5 மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். ஒப்பீட்டுக்கு எடுத்த மற்றவர்களின் மண்ணீரல் அணுக்கள் சுரந்த டி.என்.எஃப். முதலான புரதங்களில் பத்தில் ஒரு பங்கைக்கூட இவர்களின் அணுக்கள் பெரும்பாலும் சுரக்கவில்லை. காவல் வெறிகொண்டு தாக்கியதால் இறந்தார்கள் என்று நாம் நினைத்திருந்த இவர்களின் உடலில், கடைசி நேரத்தில் காவலே ஓய்ந்து கிடந்திருக்கிறது.

நோயாளி கொதிப்பில் இருக்கிறாரா, ஓய்ந்துவிட்டாரா என்று பாராமல் எல்லோருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்ததே அந்தக் காலச் சோதனைகளின் பெருங்குறை என்பேன். 1990-களில் தோற்றுப்போன மற்றொரு மருந்து அனாகின்ரா, இன்டர்லூகின்-1-ஐத் தடுப்பது. அந்தச் சோதனையின் பழைய தரவுகளை 2016-இல் மீண்டும் புரட்டினார்கள். கல்லீரல் பாதிப்பும் ரத்த உறைவுக் கோளாறும் சேர்ந்து, கொதிப்பு உச்சத்தில் இருந்தவர்களை மட்டும் பிரித்தெடுத்தபோது, மருந்து பெற்றவர்களில் 65 சதவீதம் பேர் பிழைத்திருந்தார்கள். பெறாதவர்களில் 35 சதவீதம். சிறு கூட்டம்தான், பின்னோக்கிப் பார்த்த கணக்குதான். ஆனாலும் தூக்கிப்போட்ட மருந்துக்குள் இத்தனை உயிர்கள் மறைந்திருக்கக்கூடும் என்பதை எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

ஓய்ந்தவர்களை அடையாளம் காண விலையுயர்ந்த கருவிதான் வேண்டும் என்றில்லை. ரத்தத்தில் பாக்டீரியா உறுதியான 335 செப்சிஸ் நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். நோய் கண்டறிந்த நான்காம் நாளில் லிம்போசைட் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை, பிழைத்தவர்களுக்கு மைக்ரோலிட்டருக்கு 1,100 அளவில் இருந்தது. இறந்தவர்களுக்கு 700 அளவில். மிகவும் தாழ்ந்தே கிடந்தவர்களுக்குப் புதிய தொற்றுகளும் கூடுதலாக வந்தன. இத்தனைக்கும் இது சாதாரண ரத்தப் பரிசோதனைத் தாளில் தினமும் அச்சாகி வரும் எண், ஐ.சி.யூ. கோப்பில் பலரும் பார்த்தும் பாராமல் புரட்டிவிடும் வரி.

அந்த எண்ணிக்கையை உயர்த்த இன்டர்லூகின்-7 கொடுத்துப் பார்த்த சோதனை 2018-இல் வெளியானது. பிரான்சிலும் அமெரிக்காவிலுமாக 27 பேர். லிம்போசைட்டுகள் மூன்று, நான்கு மடங்கு பெருகி வாரக்கணக்கில் நிலைத்தன. அஞ்சியதுபோல் புதிய கொதிப்பு கிளம்பவில்லை. மரணம் குறைகிறதா என்று சொல்ல 27 பேர் போதாது.

(தொடரும்)