யாழ்ப்பாணத்துக் காணியுறுதிகளிற் பயிலும் சொற்கள் – ஒரு விளக்கம்

யாழ்ப்பாணத்து இல்லங்களில் நகைக்கு ஒப்பாகப் பேணப்படும் பொருள் காணியுறுதியாகும். ஆயினும், பேணப்படும் அளவிற்கு அது படிக்கப்படுவதில்லை. நொத்தாரிசு வாசிக்கக் கேட்டுத் தலையசைத்துக் கையொப்பமிடுவோரே பலர். உறுதியின் தமிழ் நாம் அறிந்த தமிழே எனினும், அதன்கண் வரும் சொற்கள் வழக்கிற் குறிக்கும் பொருளையன்றிச் சட்டம் வரையறுத்த பொருளையே குறிக்கின்றன. அப்பொருளை அறியாமையாற் குடியிருந்த வளவையே இழந்தோர் உளர். எனவே, அவ்வுறுதிகளில் அடிக்கடி பயிலும் சில சொற்களின் பொருளையும், அவற்றால் விளையும் உரிமைகளையும் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இச்சொற்களுட் பலவற்றின் பின்னணியில் நிற்பது தேசவழமையாகும். ஒல்லாந்தராட்சியில், ஆளுநர் கோர்ணேலிஸ் யோவான் சீமோன்சின் பணிப்பின்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாகவிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இந்நாட்டு வழமைகளைத் திரட்டி 1707 இல் நிறைவு செய்தார். அதன் தமிழாக்கத்தைப் பன்னிரு முதலியார்கள் பார்வையிட்டு ஏற்றுக்கொண்டனர். பின்னர் பிரித்தானியர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலுவளித்தனர். தேசவழமை கூறாதவிடங்களில் உரோம – ஒல்லாந்தச் சட்டமும், பின்னர் எழுந்த கட்டளைச் சட்டங்களும் இடம்பெறலாயின. ஆகவேதான் ஒற்றி, அறுதி என்னும் தமிழ்ச் சொற்களோடு, போர்த்துக்கேயர் வழிவந்த 'தோம்பு' என்பதும், ஒல்லாந்தர் வழிவந்த 'நொத்தாரிசு' என்பதும் ஒரே உறுதியிற் கலந்து காணப்படுகின்றன.

வந்த வழியைச் சுட்டும் சொற்கள்

ஒரு காணி இன்னாருக்கு உரியது என்பதோடு யாழ்ப்பாணத்து உறுதி அமைவதில்லை. அஃது அவருக்கு எவ்வழியில் வந்தது என்பதையும் கூறும். முதுசம், சீதனம், தேடியதேட்டம் ஆகிய மூன்றும் இவ்வகையின.

'முதுசொம்' என்பதன் திரிபே முதுசம். 'சொம்' என்பது சொத்து எனப் பொருள்படும். பெற்றோரிடமிருந்தோ அவர்க்கு முந்திய மூதாதையரிடமிருந்தோ அவர்களது இறப்பின்பின் வழிவழியாக வந்தடைவதே முதுசமாகும். மூதாதையரல்லாத ஏனைய உறவினரிடமிருந்து அவ்வாறு வருவதனை 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் 'உரிமை' என வேறாகப் பிரித்துரைக்கின்றது. திருமணத்தின்போது பெண்ணுக்கு எழுதிக் கொடுக்கப்படுவது சீதனம். பழைய வழமையில் தாயின் சீதனம் பெண்மக்களையும், தந்தையின் முதுசம் ஆண்மக்களையும் சென்றடைந்தன.

மணவாழ்வின்போது கணவனோ மனைவியோ ஈட்டியது தேடியதேட்டம். ஆயின் இச்சொல்லின் எல்லை காலத்துக்குக் காலம் மாறியுள்ளது. 1947 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்படி, தமது தனிச்சொத்தின் பகுதியாக அமையாத பணத்தைக் கொடுத்து மணக்காலத்தில் வாங்கியதும், தனிச்சொத்திலிருந்து மணக்காலத்திற் பெற்ற வருவாயும் தேடியதேட்டமாகும். இறப்புச் சாசனமின்றி ஒருவர் இறப்பின், அவரது தேடியதேட்டத்திற் பாதி எஞ்சியிருக்கும் துணைக்கும், மறுபாதி இறந்தவரின் வழியுரிமையாளருக்கும் சேரும். கணவன் வாங்கிய ஒரு வளவின் விலை அவனது தேட்டத்திலிருந்து வந்ததா, முதுசக் காணியை விற்ற பணத்திலிருந்து வந்ததா என்னும் வினா வெற்று வினாவன்று. கைம்பெண்ணின் பங்கு அவ்வினாவின் விடையிலேயே தங்கியுள்ளது.

இங்குப் பிறிதொன்றும் கருதற்பாலது. சீதனம் பெண்ணின் சொத்தே. அதனைக் கணவன் விற்றல் இயலாது. எனினும், தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தனது அசையாச் சொத்தைத் தன் வாழ்நாளிற் கைமாற்றுதற்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதத்தை மேற்குறித்த 1911 ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டிநிற்கின்றது. கணவன் கைவிட்டுச் சென்றவிடத்தும், காரணமின்றிச் சம்மதம் மறுத்தவிடத்தும் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம் எனினும், 'உடையவள்' என்னும் சொல்லுக்கு இங்கு முழுமையான பொருள் இல்லையென்றே கூறவேண்டியுள்ளது.

கைமாற்றத்தின் வகைகள்

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனையும் ஈடும் எழுத்தில் அமைந்து, நொத்தாரிசின் முன்னிலையிலும் இரு சாட்சிகளின் முன்னிலையிலும் கையொப்பமிடப்படல் வேண்டும். வாய்ச்சொல்லாற் காணி கைமாறுவதில்லை.

'அறுதி' என்பது அறுத்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது. விற்றவருக்கும் நிலத்துக்குமுள்ள தொடர்பு முற்றாக அறுபடுதலை அச்சொல்லே உணர்த்தும். 'நன்கொடை உறுதி' விலையின்றிக் கொடுப்பது. பெற்றோர் பிள்ளைக்கு நன்கொடை எழுதும்போது, தாம் உயிரோடிருக்குங்காறும் அதிலிருந்து பயன்கொள்ளும் உரித்தை ஒதுக்கிவைப்பதுண்டு. இது 'சீவிய உரித்து' எனப்படும். சீவிய உரித்துள்ள காணியை வாங்குவோர் பெயரளவில் உடையவராவரேயன்றி, அவ்வுரித்துடையார் மறையும்வரை பலனை அனுபவித்தல் இயலாது.

கடனின்பொருட்டுக் காணியைப் பொறுப்பாக வைத்தல் 'ஈடு'. காணி உடையவர் கையிலேயே இருக்கும். அவர் வட்டி செலுத்துவார். 'ஒற்றி'யிலோ காணி கடன் கொடுத்தவர் கைக்குச் செல்லும். அதன் விளைவே வட்டிக்கு ஈடாகும். முதலை மட்டும் திருப்பிக்கொடுத்துக் காணியை மீட்கலாம். பயிரிட்டவன் உழைப்பு வீணாகாதவாறு, போகம் முடிந்த பின்னரே ஒற்றி மீட்கப்படல் வேண்டுமெனத் தேசவழமை விதித்தமை வேளாண் சமூகத்தின் நியாய உணர்வைக் காட்டுவதாகும்.

இவ்விரண்டினின்றும் வேறுபட்டதும், மிக்க விழிப்போடு நோக்கவேண்டியதுமாவது 'நிபந்தனை உறுதி'யாகும். குறித்த காலத்துள் குறித்த தொகையைத் திருப்பினால் காணியை மீள எழுதிக்கொடுப்பதாக வாங்குபவர் உடன்படுவார். கடன் பெறுவோர் இதனை ஈட்டின் இன்னொரு பெயரென்றே எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழையானது. ஈட்டிற் கடன் தவறின், கடன் கொடுத்தவர் வழக்குத் தொடுத்து நீதிமன்றக் கட்டளைப்படியே காணியை விற்பித்தல் வேண்டும். (வங்கிகள் மட்டும் 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வழக்கின்றி ஏலமிடும் அதிகாரம் பெற்றுள்ளன.) விற்ற தொகையிற் கடன் போக எஞ்சுவது உடையவரைச் சேரும். நிபந்தனை உறுதியிலோ உடைமை கையொப்பமிட்ட அன்றே கைமாறிவிடுகின்றது. எஞ்சியிருப்பது திரும்ப வாங்கும் உரிமை மட்டுமே. எடுத்துக்காட்டாக, பல இலட்சம் பெறுமதியுள்ள வளவை ஓரிலட்சத்துக்கு இவ்வாறு எழுதிக் கொடுத்தவர் தவணையைத் தவறவிடின், வளவு முழுவதையும் இழப்பார். எஞ்சிய பெறுமதிக்கு உரிமை கோரல் அரிது. ஆகவே, கடன் பெறுவோர் கையொப்பமிடுமுன் கேட்கவேண்டிய முதல் வினா 'இது ஈடா, அறுதியா?' என்பதாகும்.

அளவும் எல்லையும்

கொழும்பிற் காணியைப் பேர்ச்சில் அளப்பர். யாழ்ப்பாணத்திற் பரப்பிலும் குழியிலும் அளப்பர். 18 குழி ஒரு பரப்பு. 16 பரப்பு ஓர் ஏக்கர். எனவே ஒரு பரப்பு 10 பேர்ச்சுக்குச் சமமாகும். சதுர அடியில் 2722½. பரப்பினை 'லாச்சம்' எனவும் வழங்குவர். விதைக்கும் தானியத்தின் அளவால் நிலத்தை அளந்த பழைய முறையின் எச்சமாக, வரகுப் பரப்பு, நெற்பரப்பு என இருவகை உண்டு. மேற்கூறியது வரகுப் பரப்பாகும். நெற்பரப்பு 12 குழியே கொண்டது. அவற்றுள் 24 சேர்ந்தே ஓர் ஏக்கராகும். எவ்வகைப் பரப்பெனக் கவனியாது வயல் வாங்குபவர் தாம் எண்ணியதில் மூன்றிலொரு பங்கைக் குறையப் பெறுவர்.

'பிரிபடாத பங்கு' என்பதும் கருதத்தக்கது. ஆறு பரப்புக் காணியிற் பிரிபடாத மூன்றிலொரு பங்கை வாங்கியவர், வேலிக்குள் அமைந்த இரண்டு பரப்பை வாங்கியவரல்லர். காணியின் ஒவ்வொரு குழியிலும் அவருக்கு மூன்றிலொரு பங்கு உண்டு. உடன்பாட்டாலோ, 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டத்தின்கீழ் வழக்காலோ பிரித்த பின்னரே குறித்த ஒரு துண்டு அவர்க்குத் தனியுரிமையாகும். அவ்வாறே, கிணற்றிற் பங்கும், நீர் செல்லும் வாய்க்காலும், வழிவாய்க்கால் உரிமையும் உறுதியில் எழுதப்பட்டுள்ளனவா என நோக்குதல் வேண்டும். ஆறுகளற்ற குடாநாட்டிற் கிணற்றுப் பங்கில்லாத தோட்டக்காணி பெறுமதி குன்றியதேயாகும்.

அயலும் உறவும்

காணியை அந்நியருக்கு விற்குமுன் உரித்துடையார்க்கு அறிவித்தல் தேசவழமையின் பழைய விதி. ஒல்லாந்தர் காலத்தில் விற்பனை குறித்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் அறிவிக்கும் நடைமுறையும் இருந்தது. இம்முற்கொள்ளுரிமையை 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சுருக்கிற்று. இன்று பங்காளருக்கும், விற்பவர் சாசனமின்றி இறப்பின் வழியுரிமை பெறக்கூடியவர்களுக்குமே அவ்வுரிமை உண்டு. வேலி அயலவர் என்னும் காரணத்தால் மட்டும் எவரும் அதனைக் கோர முடியாது.

உறுதியும் ஆட்சியும்

'உறுதி என்னிடம், ஆட்சி அவரிடம்' என்பது நம்மவரிடை அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, பத்தாண்டுகள் இடையறாதும் இடையூறின்றியும், உடையவரின் உரிமையை ஏற்காது எதிராக ஆண்டவர், உறுதியின்றியும் உரிமை பெறலாம். எனினும், ஒற்றிக்காரரும் வாடகைக்காரரும் உடையவரின் அனுமதியால் இருப்பவராதலின், இருந்த காலத்தின் நீட்சியால் மட்டும் உரிமை பெறார். பங்காளரொருவரின் ஆட்சி ஏனைய பங்காளருக்காகவும் ஆளும் ஆட்சியே என்பதனைக் கோமறைக் கழகம் 1911 இல் கோறயா எதிர் இசெரிஸ் அப்புகாமி வழக்கில் நிலைநாட்டியது. ஆகவே, வெளிநாடு சென்ற சகோதரியின் பங்கு, அண்ணன் ஊரிலிருந்து பயிரிட்டமையால் மட்டும் அண்ணனுடையதாகிவிடாது.

போர்க்காலம் இவ்விதியைப் பெருஞ் சோதனைக்குள்ளாக்கிற்று. இடம்பெயர்ந்தோர் தம் காணியைப் பார்க்கவும் இயலாதிருந்த காலம் பிறர்க்கு ஆட்சிக்காலமாய் எண்ணப்படுதல் நீதியன்று. இதனைக் கருதியே, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயலால் உரிமை கோர இயலாதிருந்தோர்க்கென 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது.

உறுதியைத் தீயிலும் இடப்பெயர்விலும் இழந்தவர்களும் நம்பிக்கை இழக்கவேண்டியதில்லை. ஒவ்வோர் உறுதியும் மூன்று பிரதிகளாக எழுதப்படுகின்றது. ஒன்று உரியவருக்கும், ஒன்று நொத்தாரிசின் கோவைக்கும், மற்றொன்று காணிப் பதிவகத்துக்கும் செல்லும். நம்மிடமிருந்தது அழியினும் பதிவகத்திலிருந்து உறுதிப்படுத்திய பிரதியைப் பெற முயலலாம். பதிவின் பயன் இஃது ஒன்றன்று. 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னெழுதிய உறுதி பதியப்படாதிருக்கப் பின்னெழுதிய உறுதி பெறுமதிக்காக எழுதப்பட்டு முன்னர்ப் பதியப்படின், பின்னையதே முந்துரிமை பெறும். ஒரே காணியை இருவருக்கு விற்கும் வஞ்சகத்துக்கு இடமளிப்பது பதியாது விட்ட சோம்பலேயாகும்.

இதுகாறும் கூறியவற்றால், உறுதியிலுள்ள சொல் ஒவ்வொன்றும் ஓர் உரிமையையோ ஓர் இழப்பையோ தன்னகத்தே கொண்டுள்ளது என்பது புலனாகும். ஈட்டுக்கும் அறுதிக்குமுள்ள வேறுபாட்டை அறிந்த தாய் தன் வளவைக் காப்பாள். தேடியதேட்டம் இன்னதென அறிந்த கைம்பெண் தன் பங்கைக் கேட்பாள். அவ்வறிவு நொத்தாரிசின் மேசையோடு நின்றுவிடாது வீட்டுத் திண்ணைவரை வந்தடைதல் வேண்டும். பெட்டகத்திலுள்ள உறுதியை ஒருமுறை வெளியே எடுத்து, பெரியோரைக் கொண்டு வாசிப்பித்து, இளையோர் கேட்டறிதலே அதற்கு முதற்படியாகும்.