தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியும் தமிழ் விசைப்பலகையும்: முத்து நெடுமாறனின் பணியை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

மனிதனும் கணினியும் உறவாடும் முறையை ஆராயும் துறை மனித-கணினி ஊடாட்டவியல் எனப்படும். கருவிக்கேற்பக் கை பழகவேண்டுமா, கைக்கேற்பக் கருவி அமையவேண்டுமா என்பது அத்துறையின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாகும். தமிழெழுத்தை முன்னிறுத்தி இவ்வினாவுக்கு நாற்பதாண்டுக் காலமாக விடைதேடி வருபவர் மலேசியக் கணிஞர் முத்து நெடுமாறன். அவர்தம் பணி நெகிரி செம்பிலான் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் எழுத்துக் கல்விக்கு எவ்வாறு துணைசெய்யும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

முரசு முதல் செல்லினம் வரை

கவிஞர் முரசு நெடுமாறனின் மைந்தரான இவர், 1985இல் தொடங்கிய முயற்சி பின்னர் 'முரசு அஞ்சல்' மென்பொருளாக வளர்ந்தது. இவர் வடிவமைத்த 'இணைமதி' எழுத்துரு ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்றது. 2005ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் அறிமுகமான 'செல்லினம்', எண்விசைகள் மட்டுமே கொண்டிருந்த அந்நாளைய கைப்பேசியில் தமிழில் எழுத வழிசெய்தது. பின்னர்த் திறன்பேசிகளுக்கும் வந்த செல்லினம், தமிழ்99, உரோமன் எழுத்துவழி அமைந்த அஞ்சல் ஆகிய இரு முறைகளையும் தருகிறது.

விசைப்பலகையில் இலக்கணம்

தட்டச்சுப்பொறியில் 'தெ' என்பதற்கு முதலில் கொம்பையும் பின்னரே தகரத்தையும் அடித்தல் வேண்டும். ஒலிக்கும் முறை வேறு. அடிக்கும் முறை வேறு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டின் வழி உருப்பெற்ற தமிழ்99 இம்முரணை நீக்கியது. இதில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைக்கும் அமைந்துள்ளன; த, எ என ஒலிக்கும் வரிசையிலேயே அடிக்கலாம்.

இதனினும் குறிப்பிடத்தக்கது மெய்ம்மயக்கம் பற்றிய அறிவாகும். ஒரே மெய் இருமுறை வரின் முதல் எழுத்து தானே புள்ளி பெறும். 'பள்ளி' என எழுத ப, ள, ள, இ ஆகிய 4 விசைகளே போதும். மெல்லினத்தை அடுத்து அதன் இனவெழுத்து வரினும் அவ்வாறே. த, ங, க, ஐ என அடிக்கத் 'தங்கை' தோன்றும். 'மமதை' போன்ற சொற்களில் இடையே அகரத்தை அடித்துப் புள்ளியைத் தவிர்த்தல் வேண்டும். இவ்வேறுபாட்டை விளக்கும் ஆசிரியர் உடனிலை மெய்ம்மயக்கத்தையே கற்பிக்கிறார் எனலாம்.

தோட்டப்புறத் தேவை

பகாவ், லாபு, லிங்கி முதலிய வட்டாரங்களில் இரப்பர், செம்பனைத் தோட்டங்களை நம்பி எழுந்த பள்ளிகள் பல. தோட்ட மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தமையால் மாணவர் தொகை சுருங்கிய பள்ளிகளும் அவற்றுள் உள. அங்குப் பயிலும் மாணவர் உரோமன் எழுத்தை மலாய், ஆங்கிலப் பாடங்களின்வழி அறிந்தவர். ஆதலின், உரோமன் முறை அவர்க்கு எளிதாகத் தோன்றும். உடனே எழுதத் தொடங்கலாம் என்பது அதன் சிறப்பு. ஆயினும் ந, ன, ண ஆகிய மூன்றையும் ல, ள, ழ ஆகிய மூன்றையும் தெளிவாக வேறுபடுத்த அவ்வெழுத்து போதாது. சிறப்புக் குறிகளை நினைவிற்கொள்ளாத மாணவன் நாளடைவில் வேறுபாட்டையே மறக்கக்கூடும்.

முடிவுரை

கைக்கேற்ற கருவி ஆயத்தமாக உள்ளது. அதனைப் பிள்ளைகளின் கையிற் சேர்ப்பது ஆசிரியர் பொறுப்பாகும். தமிழ்99ஐத் தனிக் கணினிப் பாடமாகக் கருதாது, எழுத்திலக்கணப் பயிற்சியின் ஒரு கூறாகக் கற்பித்தல் நலம். மாணவர் சிலரே பயிலும் வகுப்பில் ஒவ்வொருவரின் விரலையும் எழுத்துப்பிழையையும் ஆசிரியர் நேரில் கண்டு திருத்த இயலும். தோட்டப்புறப் பள்ளியின் குறையாகக் கூறப்படும் சிறுமை இவ்வகையில் அதன் வலிமையாதல் கூடும்.