மாட்டுக்குப் பார்க்கிறோம், தாத்தாவுக்கு?

தருமபுரி மாவட்டத்தில் மாடு வைத்திருப்பவர்களுக்குப் புழுப்புண் புதிதல்ல. கொம்படியில் கீறலா, கன்றுக்குட்டியின் தொப்புள் ஆறவில்லையா, ஈ எங்கே உட்காரும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. புழு தெரிந்தால் சீத்தா இலையை அரைத்துப் பூசுவார்கள்; கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெய் விடுவார்கள். அதே வீட்டுத் திண்ணையில் சர்க்கரைப் புண்ணோடு படுத்திருக்கும் தாத்தாவின் கால் கட்டு, பல நாள் பிரிக்கப்படாமலே கிடப்பதுண்டு.

புழு வைப்பது பெரும்பாலும் கிரைசோமியா பெசியானா என்ற, நீலப்பச்சையாக மினுங்கும் ஈ. செத்த உடல் இதற்கு ஆகாது, உயிருள்ள சதைதான் வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் பணியாற்றிய டபிள்யூ. எஸ். பாட்டன் நூறாண்டுக்கு முன்பே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பெண் ஈ புண்ணின் ஓரத்தில் 150 முதல் 200 முட்டைகளை ஒட்டிவிட்டுப் பறந்துவிடும். ஒரே நாளில் பொரியும் புழுக்கள் தலைகீழாகச் சதையைத் துளைத்து இறங்கும். உடம்பைச் சுற்றி முள் வளையங்கள். இழுத்தால் லேசில் வராது. மூச்சுத் துளை இருக்கும் வால் முனை மட்டும் வெளியே தெரியும். ஏறக்குறைய ஒரு வாரம் தின்று கொழுத்து, மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும்.

அந்த வால்தான் டாக்டருக்குப் பிடி. டர்பன்டைன் நனைத்த துணியைப் புண்ணில் வைத்தால் மூச்சு முட்டிப் புழுக்கள் மேலே வரும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். ஒரே நாளில் முடியாது, மறுநாளும் தேட வேண்டும். ஐவர்மெக்டின் மாத்திரை கொடுப்பதும் உண்டு.

மூக்கில் வைத்தால்தான் ஆபத்து. உட்சவ்வு வறண்டு நாறும் நாட்பட்ட மூக்கு நோய்க்காரருக்குத் தன் நாற்றமே தெரியாது. ஈ தேடி வந்துவிடும். ரத்தம் கசியும், ஏதோ ஊரும், முகம் வீங்கும். அங்கிருந்து கண்குழியும் மூளையும் அதிக தூரமில்லை.

அமெரிக்கக் கண்டத்தில் இதன் உறவுக்கார ஈ உண்டு. 1954இல் கியூரசாவ் தீவில், கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் ஈக்களைப் பறக்கவிட்டே அதை ஒழித்தார்கள். 2025 ஆகஸ்டில், எல் சால்வடாரிலிருந்து அமெரிக்கா திரும்பிய ஒருவரிடம் அந்தப் புழு உறுதியானதும் உலகம் முழுக்கச் செய்தி.

இங்கே புழு வைத்த சேதி வீட்டைத் தாண்டுவதே அபூர்வம். ‘புழுத்துப் போவே’ என்று சாபம் விடும் ஊரில், புழு வைத்ததை யார் வாய்விட்டுச் சொல்வார்கள்? ஒளித்து வைத்து, மண்ணெண்ணெய் ஊற்றிப் புண்ணைப் பொசுக்கிவிட்டு வருகிறவர்களும் உண்டு. மாட்டு வைத்தியம் மனிதருக்கு வேண்டாம். காலில் என்றால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம். மூக்கு, காது என்றால் நேராகத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், அதுவும் அன்றைக்கே.